நட்சத்திர ஃபைலின் முதல் வரி

அந்த எழுத்தை முதலில் பார்த்தவர் வாலாஜாபாத்திலிருந்து பேசிய ஒரு பெரியவர். கார்த்திகை மாதம், மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு காலை. எங்கள் கம்ப்யூட்டர் சென்டரில் ஒரே ஒரு தொலைபேசி இணைப்புதான். நான் இணையத்துக்குள் போய்விட்டால் வெளியிலிருந்து யாரும் எங்களைக் கூப்பிட முடியாது. அன்று இணைப்பு தானாக அறுந்த மறுநிமிடம் மணி அடித்தது. மூன்று நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம்.

"ஏம்மா, எம் பையன் அசுவினிமா. உங்க கம்ப்யூட்டர்ல நட்சத்திரம்னு போட்டு பக்கத்துல ஒத்த 'உ' நின்னுக்கினு இருக்குது. உத்திரம்னு நெனைக்கறதா, உத்திராடம்னு நெனைக்கறதா? பாக்கறவங்க இன்னான்னு நெனைப்பாங்க?"

"எங்க பார்த்தீங்க, பிரவுசிங் சென்டர்லயா?"

"ஆமா. எம் மச்சான் பையன் காட்டினான்."

"அங்க தமிழ் ஃபாண்ட் போட்டிருக்க மாட்டாங்க சார். அதான் அப்படித் தெரியுது. எங்ககிட்ட சரியாத்தான் இருக்குது."

சரியாக இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. பார்க்காமலே சொன்னேன். அவர் "அப்படியா, சரிமா" என்று வைத்துவிட்டார். படித்த பெண் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்திருப்பார். எங்கள் ஊரிலும் அப்படித்தான் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்த சமயம் அது. தமிழ் எழுத்து ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒவ்வொரு விதமாக உடையும். நான் எந்த எழுத்துருவில் அடித்தேனோ அதே எழுத்துரு பார்க்கிறவர் கம்ப்யூட்டரிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் 'மணமகள்' என்ற சொல் தலையில் கொம்பு வைத்த ஆங்கில எழுத்துகளாகவும் கட்டங்களாகவும் தெரியும். ஒரு பிரவுசரில் நேராக நிற்கும் பக்கம் இன்னொன்றில் சரிந்து கிடக்கும். வருகிற குறைகளில் முக்கால்வாசி இதுதான் என்பதால், எல்லாக் குறைகளுக்கும் 'ஃபாண்ட்' என்ற ஒரே பதிலை வைத்திருந்தேன். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்தது. அதனால்தான் கெட்டது.

நான் கூரம் கிராமத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். எனக்கு முன்னால் எல்லோரும் கைநாட்டு, எல்லோரும் அடுத்தவர் கழனியில் கூலி. நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் வாங்கி, வெப் டெவலப்பர் என்று மேசையில் அட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது என்ன வேலை என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. அம்மா மட்டும் ஒரு விளக்கம் கண்டுபிடித்து வைத்திருந்தார். "கம்ப்யூட்டருக்கே எம் பொண்ணுதான் எழுதக் கத்துக் குடுக்குது" என்று குழாயடியில் சொல்வார். நான் மறுத்ததில்லை.

அப்பா களத்தில் நெல் அளப்பவர். முதல் மரக்காலுக்கு அவர் ஒன்று என்று சொல்லமாட்டார். "லாபம்" என்பார். பிறகுதான் ரெண்டு, மூணு. கல்லூரியில் முதல் வாரம், கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து எண்ணாது, பூஜ்ஜியத்திலிருந்துதான் எண்ணும், வரிசையில் முதலில் நிற்பவரின் எண் பூஜ்ஜியம் என்று சொன்னபோது வகுப்பே குழம்பியது. டவுன் பிள்ளைகள் எல்லாம் விரலை மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது புதிதாகவே தெரியவில்லை. ஒன்று என்ற சொல்லைச் சொல்லாமல் எண்ணத் தொடங்குகிற வீட்டிலிருந்து வந்தவள் நான். அந்தப் பாடத்தில் நான்தான் முதல் மதிப்பெண்.

சென்டர் முதலாளியை சார் என்று கூப்பிடுவோம். கல்யாணப் பத்திரிகை அடித்து வந்தவர். பத்திரிகைக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் வரன் தேடித்தானே அலைந்திருப்பார்கள் என்று யோசித்து, சுற்றுவட்டாரத்துக்கென்று ஒரு திருமணத் தகவல் தளம் தொடங்கினார். அதை முழுக்க எழுதியவள் நான். இருபத்தேழு நட்சத்திரங்களின் பெயர்களையும் வரிக்கு ஒன்றாகத் தனி ஃபைலில் வைத்தேன். ஒவ்வொருவர் தகவலிலும் நட்சத்திரத்தின் பெயரைச் சேமிக்காமல் அது எத்தனையாவது வரி என்ற எண்ணை மட்டும் சேமித்தேன். எழுத்து உடையும், எண் உடையாது. பக்கம் திறக்கும்போது அந்த எண்ணுள்ள வரியிலிருந்து பெயர் வந்து உட்காரும். இந்த யோசனையைப் பற்றி எனக்கு மிகுந்த கர்வம் இருந்தது. யாரும் கேட்காமலே நான்கைந்து பேருக்கு விளக்கியிருக்கிறேன்.

சென்டரில் தமிழ் டைப்பிங் செய்தவள் அக்கா. என்னைவிட ஆறு வயது பெரியவள். சின்ன காஞ்சிபுரத்தில் தறி வீடு. அவளுக்கு வரன் பார்த்து எட்டு வருடம் ஆகியிருந்தது. ஊரார் ஜாதகங்களையெல்லாம் அடித்துக்கொண்டே, "இவனுக்கு மூக்கு சரியில்ல, இவ அம்மா மூஞ்சப் பாரு, மருமவள வறுத்தெடுக்கும்" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்வாள். தளம் வேலை செய்கிறதா என்று சோதிக்க ஒரு உண்மையான ஆள் வேண்டியிருந்தபோது அக்காவின் விவரங்களைத்தான் முதலில் ஏற்றினோம். பதிவு எண் ஒன்று. அதன் பிறகு அவள் தன் பக்கத்தைத் திறந்து பார்த்ததே இல்லை. "எம் மூஞ்ச நானே பாத்துக்கினு இருக்கறதா? வெக்கமா இருக்குது, போடி" என்பாள்.

விவரம் ஏற்றிய அன்றுதான் தன் பிறப்பைப் பற்றிச் சொன்னாள்.

"நான் பொறந்தப்போ வூட்ல கடியாரமே இல்லடி. பெருமாள் கோயில்ல சாயங்கால மணி அடிச்சிக்கினு இருந்துச்சாம். அத்த வெச்சித்தான் நேரம் குறிச்சாங்க. மூலம் முடிஞ்சி அரை மணி கூட ஆவலையாம். ஜோசியரு பூராடம்னு எழுதற வரைக்கும் எங்கப்பா மூச்சே வுடலயாம்."

"மூலமா இருந்தா இன்னாக்கா?"

"தெரியாத மாரி கேக்கற பாரு. பொண்ணுக்கு மூலம்னா மாமனாரு போயிடுவாருன்னு சொல்வாங்கல்ல." சிரித்தாள். "மணி அடிக்கறவரு அன்னிக்கி அரை மணி முன்னாடியே வந்து அடிச்சிருந்தாருன்னா, நெசத்துல நான் மூலம்தான், மாமனாரை முழுங்கறவ." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆர்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத. எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாரு" என்றாள்.

தனுசு ராசி, பூராடம். பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால் அவள் எண் பத்தொன்பது. நான்தான் அதை ஏற்றினேன்.

ஆயுத பூஜைக்கு சென்டர் முழுக்க கழுவி, மானிட்டர் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மவுஸையும் ஃபிளாப்பிகளையும் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கினோம். அன்று எதையும் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் எல்லாத் தொழிலையும் புதிதாகத் தொடங்குகிற மாதிரி கொஞ்சம் செய்ய வேண்டும். தறிக்காரர் நான்கு இழை நெய்வார், கடைக்காரர் ஒரு பொட்டலம் கட்டுவார். சார் என்னிடம் வந்தார்.

"மொதல்ல ஒரு நல்ல ஃபைலாப் பாத்துத் தொறம்மா. மேல பிள்ளையார் சுழி போட்டு சேவ் பண்ணு. அப்பறமா மத்த வேலை."

"தாள்ல பிரிண்ட் எடுத்து வெச்சிடட்டுமா சார்?"

"தாள்ல போட்டா தாளுக்குத்தான் புண்ணியம். வேலை உள்ளதான நடக்குது. உள்ள போடு."

எதைத் திறக்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், பொரியை மென்றுகொண்டே அக்கா எட்டிப் பார்த்தாள். "நட்சத்திர ஃபைலத் தொற. எல்லாருக்கும் சேத்து நல்லது நடக்கட்டும்."

திறந்தேன். அசுவினிக்கு மேலே ஒரு வரி இறக்கி, அதில் 'உ' என்று அடித்து, சேமித்தேன். சாயங்காலம் எடுத்துவிடலாம் என்று நினைத்தது நினைவிருக்கிறது. விஜயதசமி அன்று, போட்ட கையோடு பிள்ளையார் சுழியை அழிக்க எனக்கும் மனசு வரவில்லை. அன்று காலை இணைப்பு அதிசயமாக ஒரே முயற்சியில் கிடைத்தது. அது அறுவதற்குள் இரண்டு வாரமாகச் சேர்ந்திருந்த வேலைகளை ஏற்றிவிட வேண்டும் என்ற அவசரத்தில், தளத்தின் ஃபோல்டர் முழுவதையும் அப்படியே சர்வருக்கு அனுப்பினேன். உ-வும் போனது.

பிறகு வந்த குறைகளை இப்போது வரிசையாக நினைத்துப் பார்க்கிறேன். வாலாஜாபாத் பெரியவர் ஒருவர். நேரில் வந்த ஒரு அம்மா, "ராசி ஒண்ணு போட்டிருக்கீங்க, நட்சத்திரம் ஒண்ணு போட்டிருக்கீங்க. அது ரெண்டும் ஒட்டவே ஒட்டாதும்மா" என்றார். அவர் மகளின் எண்ணில் ஒன்றைக் கூட்டினேன். சரியாகிவிட்டது. அடுத்த வாரம் இன்னொருவர். அவருக்கும் ஒன்றைக் கூட்டினேன். சரியாகிவிட்டது. ஒன்றைக் கூட்டினால் ஏன் சரியாகிறது என்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. என் கணக்கு தவறாது, விவரம் எழுதிக் கொடுப்பவர்கள்தான் தப்புத் தப்பாக எழுதுகிறார்கள் என்று அக்காவிடம் அலுத்துக்கொண்டேன்.

அந்தக் கார்த்திகையில்தான் அக்காவுக்கு இடம் அமைந்தது. தளத்தின் மூலமாக இல்லை, உறவுக்காரர் ஒருவர் சொல்லி. ஆரணி மாப்பிள்ளை, கூட்டுறவு அலுவலகத்தில் எழுத்தர். பையனின் அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்து பார்த்தார்கள், ஜாதகத் தாளை வைத்துப் பொருத்தம் பார்த்தார்கள், தை மாதம் என்று பேசி முடித்தார்கள். அக்கா டைப் செய்கிற வேகமே மாறிப்போனது. ஒரு நாள் மாப்பிள்ளைக்கு மூக்கு எப்படி என்று கேட்டேன். "மூக்குக்கு இன்னா, மூக்கு மாரிதான் இருக்குது" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

மார்கழியில் ஒரு நாள் பதினொரு மணி இருக்கும். அக்காவின் அப்பா சென்டருக்கு வந்தார். அதுவரை அவர் மாடி ஏறி வந்ததில்லை. கையில் நான்காக மடித்த ஒரு தாள். மாப்பிள்ளையின் சித்தப்பா சென்னையில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறார். பெண் வேலை பார்க்கிற இடத்தின் தளம் என்று சும்மா திறந்து பார்த்திருக்கிறார். அக்காவின் பக்கத்தை இரண்டு பிரதி அச்செடுத்துக்கொண்டு முந்தின நாள் சாயங்காலம் நேரே அவர்கள் வீட்டுக்கே வந்து, ஒன்றை இவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

தாளை என் மேசையில் விரித்தார். அக்காவின் புகைப்படம். பெயர். ராசி: தனுசு. நட்சத்திரம்: மூலம்.

"பொய் ஜாதகம் குடுத்து ஏமாத்தறீங்களான்னு கேக்கறாரும்மா. எங்கண்ணனுக்கு நெஞ்சுல ஏற்கெனவே கோளாறு, அவரை அனுப்பி வெக்கத்தான் பொண்ணு குடுக்கறீங்களான்னு தெருவுல நின்னு கேட்டாரு."  பிறகு என்னை விட்டுவிட்டு மகளைப் பார்த்தார். "இதுகிட்ட நீ சொன்னியா?"

 அக்கா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்தை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

நான் நட்சத்திர ஃபைலைத் திறந்தேன். முதல் வரியில் உ இருந்தது.

ஒரு வரி மேலே ஏறியதால் கீழே இருந்த இருபத்தேழும் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போயிருந்தன. அசுவினி இருந்த இடத்தில் உ. பரணி இருந்த இடத்தில் அசுவினி. பூராடம் இருந்த இடத்தில் மூலம். விஜயதசமிக்கு முன்பு பதிவான எல்லோருக்கும், நான் நாள் பார்த்து உட்கார்ந்து, ஒரு நட்சத்திரம் பின்னால் மாற்றி வைத்திருந்தேன். குறை சொல்லி வந்தவர்களுக்கு ராசியாவது இடித்துக் காட்டிக்கொடுத்தது. மூலமும் பூராடமும் ஒரே தனுசு. அக்காவுக்குக் காட்டிக்கொடுக்க ஒன்றுமே இல்லை.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சார் எதிரே நின்றார். பத்திரிகைக்கு வந்தவர்கள் மூன்று பேர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள். என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"டைப்பிங் மிஸ்டேக்கா இருக்கும் பெரிப்பா. நான் பாத்து சரி பண்ணிடறேன்."

டைப்பிங் அக்காவுடைய வேலை. அவள் ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அதில். 'நானா?' என்று தன்னையே கேட்டுக்கொள்கிற மாதிரி இருந்தது.

அவர் இறங்கிப் போனதும் உ-வை அழித்தேன். அது ஒரு நொடி வேலை. உ இருந்த நாட்களில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், நான் கூட்டி வைத்தவர்களுக்கும் எண் ஒன்று கூடுதலாக விழுந்திருந்தது. அதையெல்லாம் ஒவ்வொன்றாகக் குறைத்து முடிக்க மாலை ஆகிவிட்டது. அக்காவின் எண்ணைத் தொட வேண்டியிருக்கவில்லை. பக்கத்தைத் திறந்தேன். பூராடம் என்று வந்தது. முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை பத்தரைக்குத் தொலைபேசி அடித்தது. சித்தப்பா.

"நேத்து வரைக்கும் மூலம். இன்னிக்கி பூராடம். நான் கேட்ட மறுநாளே மாறிடுச்சு. எப்படி மாறிச்சுன்னு தெரிஞ்சிக்கலாமா?"

"அது எங்க தப்புங்க. சரி பண்ணிட்டோம்."

"எங்கன்னா ஆரு? பொண்ணு அங்கதான டைப் பண்ணிக்கினு இருக்குது? டைப்பிங் தப்புன்னு நேத்து அவங்கப்பாவே சொன்னாரு. தானே அடிச்சி, தானே அழிச்சிக்கற எடத்துல வேலை. ரொம்ப வசதி."

"இல்லைங்க, மாத்தினது நான்."

"நீ ஆரும்மா?"

"இந்த சைட்டை எழுதினவ."

"அப்போ அதுக்கு ஃபிரெண்டு." வைத்துவிட்டார்.

நான் திருத்தாமல் விட்டிருந்தால் ஒரு தவறுதான் இருந்திருக்கும். திருத்தியதால் அது திருட்டு ஆகிவிட்டது. அக்கா பக்கத்து மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நிச்சயதார்த்தத்தை நிறுத்தி வைக்கச் சொல்லி அன்று மதியமே ஆள் வந்தது. அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. சாரிடமும் அக்காவிடமும் சொன்னேன். சார், "பிள்ளையார் சுழி போட்டதால தப்பாயிடுச்சுன்னு வெளிய சொல்லாதமா. நல்லாவா இருக்குது?" என்றார். அக்கா சொன்னது வேறு. "அவங்கள வரச் சொல்லு. எங்கிட்ட சொன்னத்த அவங்ககிட்ட சொல்லு."

மூன்றாம் நாள் பையனின் அப்பா தனியாக வந்தார், கண்டக்டர். ஒல்லியான மனிதர். மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று, நெஞ்சில் கையை வைத்தபடி ஏறி வந்தார். உட்கார்ந்த பிறகும் மூச்சு அடங்கவில்லை. மார்கழிக் குளிரில் அவர் நெற்றி வியர்த்திருந்ததைப் பார்த்தேன். தண்ணீர் கொடுத்தது அக்காதான்.

ஆயுத பூஜைக்கு முன்னால் எடுத்து வைத்த ஃபிளாப்பி ஒன்று என்னிடம் இருந்தது. அதில் இருந்த ஃபைலைத் திறந்து இருபத்தேழு வரிகளைக் காட்டினேன். பிறகு உ-வுடன் இருபத்தெட்டு வரிகள். அவர் விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். திடீரென்று சிரித்தார்.

"டிக்கெட் கணக்கு எழுதற இன்வாய்ஸ்ல ஆரம்ப நம்பர ஒண்ணு தள்ளி எழுதிட்ட மாரி. மொத ஸ்டேஜ்ல தள்ளி எழுதினா கடைசி ஸ்டேஜ் வரைக்கும் ஒதைச்சிக்கினேதான் வரும். டிக்கெட்டு மேல தப்பு இல்ல, ஏறினவன் மேலயும் தப்பு இல்ல. எழுதின கண்டக்டருதான் முழிக்கணும்." என்னைப் பார்த்தார். "நானும் முழிச்சிருக்கறேன், வுடு."

"இது என் தப்புங்க ஐயா. அக்கா தொடவே இல்ல."

"தெரிதும்மா." பிறகு அக்காவிடம் திரும்பி, "நீ பயந்துக்காத. மூலமா இருந்தாத்தான் இன்னா, எனக்கு இன்னா ஆயிடப் போவுது? ஆரணி காஞ்சிவரம் ரூட்ல முப்பது வருசம் டிக்கெட் குடுத்தவன் நான், அந்த ரோட்டுலயே சாவல" என்றார். தம்பியிடம் இருக்கிற தாளை வாங்கிக் கிழித்துப் போடுவதாகச் சொன்னார். வாசலுக்குப் போனவர் திரும்பி நின்று, "பிள்ளையார் சுழி போடாதன்னு சொல்லமாட்டேன். எண்ணற எடத்துல போடாத" என்றார்.

இறங்கும்போதும் அவர் இரண்டு இடத்தில் நின்றார். செருப்புச் சத்தம் நின்று, மறுபடி கேட்கும் வரை நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

தை மாதம் கல்யாணம் நடந்தது. நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா பந்தி பார்த்துக்கொண்டிருந்தார். என் இலைக்கு வந்தபோது, "கம்ப்யூட்டரம்மாவுக்கு நல்லாப் போடு" என்றார். சிரிக்கவில்லை. அவரிடமிருந்து தாளை வாங்கிக் கிழித்தாயிற்றா என்று கண்டக்டரிடம் கேட்க நினைத்தேன். சம்பந்தி வீட்டாரை வரவேற்பதில் அவர் ஓடிக்கொண்டிருந்தார். கேட்கவில்லை.

ஆடி மாதம் மூன்றாம் வாரம் அவர் இறந்துபோனார். காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், காப்பி கொண்டுவந்த மருமகளை நிமிர்ந்து பார்த்துவிட்டு அப்படியே சாய்ந்துவிட்டாராம். டாக்டர்கள் இரண்டு வருடத்துக்கு முன்பே எச்சரித்திருந்த நெஞ்சு. எல்லோருக்கும் அது தெரியும். சார் வேனில் என்னையும் அழைத்துக்கொண்டு ஆரணிக்குப் போனார். பந்தலில் நாற்காலிகளுக்கு நடுவே சித்தப்பா நின்றுகொண்டிருந்தார். யாரையும் பார்த்துப் பேசவில்லை, பொதுவாகத்தான் சொன்னார்.

"கம்ப்யூட்டர் அப்பவே சொல்லுச்சு. நம்மதான் கேக்கல."

 அவர் சட்டைப் பையில் நான்காக மடித்த ஒரு தாள் தெரிந்தது. அது செலவுச் சீட்டாக இருந்திருக்கலாம், பால்காரர் சீட்டாக இருந்திருக்கலாம். நான் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உள்ளே அக்கா ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி இரண்டு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

ஆவணி முடிவில் ஒரு மதியம் அவள் சென்டருக்கு வந்தாள். கையில் துணிப்பை. அப்பா வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். அந்த ஒரு மாதம் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. அவள் பழைய நாற்காலியில் வேறு ஒரு பெண் உட்கார்ந்து டைப் செய்துகொண்டிருந்தாள். அக்கா என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கறேன். நெசத்தச் சொல்லு. எனக்காவ மாத்தினியா?"

"எதக்கா?"

"நான் பொறந்த கதைய உங்கிட்டதான் சொன்னேன். மூலம்னு போட்டுட்டு, அப்பறம் பாவம்னு பூராடமா மாத்தினியா? இல்ல, கம்ப்யூட்டர் தானா சரியாத்தான் போட்டுச்சா? நீ வந்து அத்த அழிச்சிட்டியா?"

நான் எழுதியதை நம்பி அவள்தான் முதலில் தன் பெயரைக் கொடுத்தாள். அவளுக்கே நிரூபிக்க வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். டிராயரிலிருந்து அந்த ஃபிளாப்பியை எடுத்துப் போட்டேன். டிரைவ் கரகரவென்று தேய்த்தது. படிக்க முடியவில்லை என்று வந்தது. வெளியே எடுத்து, ஊதி, மறுபடி போட்டேன். மறுபடி கரகர. கண்டக்டருக்குக் காட்டிய பிறகு எட்டு மாதத்தில் ஒரு ஃபிளாப்பி கெட்டுப்போவது அதிசயமில்லை. எங்களிடம் வாரத்துக்கு ஒன்று கெட்டுப்போகும். ஆனால் அதை அன்று என்னால் சொல்ல முடியவில்லை.

"இருக்கா, ஃபிளாப்பி வேணாம். ஆதாரமே உள்ள இருக்குது. உன் நம்பரை நான் தொட்டதே இல்ல. மொத நாள் ஏத்தினது அப்படியேதான் இருக்குது. பாரு."

தகவல் அட்டவணையைத் திறந்தேன். முதல் வரிசை அவளுடையது. பெயர், ஊர், ராசி எண், நட்சத்திர எண். விரலை வைத்துக் காட்டினேன். பத்தொன்பது.

அக்கா கொஞ்ச நேரம் அந்த எண்ணைப் பார்த்தாள். பிறகு வலது கையைத் திருப்பி, கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டு எண்ணத் தொடங்கினாள். அசுவினி, பரணி, கார்த்திகை. உதடு மட்டும் அசைந்தது. ஒரு கை முடிந்து இடது கைக்கு மாறினாள். அஸ்தம், சித்திரை, சுவாதி. எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துவிடலாம் போல இருந்தது. விசாகம், அனுஷம், கேட்டை. ஆள்காட்டி விரலில் தொடங்கியிருந்தவள் மோதிர விரலைத் தொட்டு நின்றாள்.

"பத்தொன்பது, மூலம்" என்றாள்.

"இல்லக்கா. கம்ப்யூட்டர் பூஜ்ஜியத்துலர்ந்து எண்ணும். அசுவினிதான் பூஜ்ஜியம். அப்படி எண்ணினா பத்தொன்பது பூராடம்."

"கம்ப்யூட்டர் எண்ணும்" என்றாள் அக்கா. கட்டைவிரல் இன்னும் அந்தக் கணுவிலேயே இருந்தது. "மனுசங்க ஒண்ணுலர்ந்துதானடி எண்ணுவோம்."

எங்கள் வீட்டில் அப்படி எண்ணமாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.